இடது கைக்கு நானூற்று முப்பத்தாறு சுற்று

உன் காரின் இடது கை இப்போது என் சாப்பாட்டு மேசையில், பழைய செய்தித்தாளின் மேல் கிடக்கிறது. வார்னிஷ் வாசனை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஏறிவிட்டது. சோறு தின்கிற இடத்தில் இதையெல்லாம் பரப்பாதீர்கள் என்று வீட்டுக்காரி மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நான்காவது முறை, தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஏறக்குறைய நாற்பது வருஷம் நீயும் நானும் சுவாசித்த வாசனை இது. ஃபாக்டரியை விட்டு வந்தபிறகு இதை நான் எங்கும் முகர்ந்ததில்லை, நூம்பலில் உன் வீட்டு ஷெட்டைத் தவிர. அந்த வாசனை கிளப்பிவிட்டதில்தான் இந்தக் கடிதம்.

காலையில் எதிர் ஃப்ளாட்டுப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாரே அவர், உள்ளே வந்து, "அங்கிள், இது என்ன?" என்று கேட்டார். இண்டிகேட்டர் விளக்கெல்லாம் வருவதற்கு முன்னால் கார்கள் எப்படித் திரும்பின என்று சொன்னேன். கதவுத் தூணுக்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கை மடங்கிப் படுத்திருக்கும். ஸ்விட்சைத் திருப்பினால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், நாம் காயில் என்போமே அது, காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். கை படக்கென்று வெளியே நீளும். அதற்குள் குட்டி பல்பு மஞ்சளாக எரியும். திரும்பி முடித்ததும் தானே மடங்கிக்கொள்ளும். "கார் கை தூக்குமா!" என்று சிரித்தார். நீ இருந்திருந்தால் அவரை அப்படியே விட்டிருக்க மாட்டாய். ஆபீஸுக்கு லீவு போடவைத்து நூம்பலுக்கு இழுத்துப் போயிருப்பாய்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உன் மகள் பவானி போன் செய்தாள். நீ போன எட்டு மாதத்தில் அவள் காரைத் தொடவில்லை. இப்போது வேலையை இங்கேயே மாற்றிக்கொண்டு அம்மாவோடு வந்துவிட்டாள். அப்பா வண்டியை நானே ஓட்டப் போகிறேன் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுத்த வார்த்தை சரியாகக் காதில் விழவில்லை.

"மாமா, நான் ஒண்ணு சொல்வேன், கோச்சிக்கக் கூடாது. லெஃப்ட்ல சிக்னலே இல்லாம பூந்தமல்லி ரோட்ல நான் எப்படி ஓட்டுறது? சேகர் அண்ணன்கிட்ட கேட்டேன். நாலு மூலையிலும் ஓட்டை போட்டு எல்இடி வெச்சிடலாம், அரை நாள் வேலைதான்னாரு. அடுத்த மாசம் முதல் ஞாயிறு வர்றாரு."

சேகர் உனக்குத் தெரிந்த சேகர்தான், திருமழிசையில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். அவன்மேல் தப்பில்லை. பவானி மேலும் தப்பில்லை. லாரியும் தண்ணீர் வண்டியும் இடைவெளி இல்லாமல் ஓடுகிற ரோட்டில் அந்தப் பெண் எப்படித் திரும்புவாள்? ஆனால் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்ன கடைசி முழு வாக்கியம் எனக்கு மறக்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. மகளைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லவில்லை. "நைனா, வண்டில எவனையும் ஓட்டை போட வுடாத" என்றாய். நான் தலையை ஆட்டினேன்.

"ஓட்டை வேண்டாம்மா. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இடது கை வேலை செய்யும்" என்றேன்.

"பதினோரு வருஷமா செய்யலையே மாமா?"

"செய்யும்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கையை முடமாக்கியவன் நான்தான்.

வேப்பம்பட்டில் செங்கல் சூளைக்காரர் ஒருவரின் கொட்டகையில் அந்தக் காரை நாம் முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? இருவருக்கும் ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம். மேலே வைக்கோல், உள்ளே கோழி. நான் எஞ்சினைப் பார்த்தேன். நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டேஷ்போர்டில் கோழி எச்சத்தைத் துடைத்துவிட்டு, கடிகாரம் இருக்கிறதா, படிக்கிற விளக்கு இருக்கிறதா, ஹாரன் பொத்தானில் பழைய முத்திரை இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாய். எல்லாம் இருந்தன. ஒன்றும் வேலை செய்யவில்லை. "இஞ்சின எவன் வேணா ஓட்டிக் காட்டுவான். இந்த மாரி சின்ன சாமானுங்க வேலை செஞ்சாதான் வண்டி முழுசு" என்றாய். அன்றைக்கு அது எனக்குக் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.

நீ சிடுசிடுப்பானவன். ஃபாக்டரியில் ஜாப் கார்டில் கடைசிக் கட்டத்தில் அவசரம், அவசரம் இல்லை என்று எழுதுவோமே, நீ மட்டும் எல்லாவற்றுக்கும் அவசரம் என்றே எழுதுவாய். சூப்பர்வைசர் கேட்டால், "எல்லாமே அவசரம்தான் சார்" என்பாய். வண்டியைப் பிரித்தபோதும் அதே வழக்கம். கழற்றிய ஒவ்வொரு சாமானும் ஒரு இருமல் மிட்டாய் டப்பாவுக்குள். டப்பாவுக்குள் ஒரு காகிதச் சீட்டு. சீட்டில் அது எங்கிருந்து வந்தது, என்ன கோளாறு, கடைசியில் அவசரம். கடிகாரம், அவசரம். உள் விளக்கு, அவசரம். சிகரெட் பற்றவைக்கும் சாமான்கூட அவசரம். ஆயுசில் ஒரு பீடி குடித்தவனில்லை நீ.

வலது கை ஒரு சொட்டு எண்ணெயிலேயே எழுந்துவிட்டது. இடது கை பாதி வரை வந்து நின்றது. காயில் பழசு, சுற்றிவிடலாம் என்றேன். ஃபாக்டரியில் கம்பி சுற்றும் வைண்டிங் செக்ஷனில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு இது ஒரு வேலையா? நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "பழசு எத்தினி சுத்துன்னு எண்ணிகினே பிரி. எந்த நம்பர் கம்பின்னு எழுதி வெச்சிக்கோ. நம்ம ஃபாக்டரி புத்திய இதுல காட்டாத."

காட்டினேன். எண்ணவில்லை. உளியை வைத்துச் சுருளைக் குறுக்கே ஒரே வெட்டு வெட்டி அள்ளிப் போட்டேன். ராணுவத்துக்கு நாம் செய்த வண்டிகள் என்ன சாதாரண வண்டிகளா? மலையில் ஏறும், பாலைவனத்தில் ஓடும், மேலே குண்டு விழுந்தாலும் விளக்கு எரிய வேண்டும். அதில் எல்லாமே தேவைக்கு மேல் தடிமனாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் கையில் கிடைத்த தடிமனான கம்பியை எடுத்து, பிடிக்கிற அளவுக்கு இறுக்கிச் சுற்றினேன். பார்ப்பதற்குப் பழசைவிட அழகாக இருந்தது. பெருமையோடு மாட்டி ஸ்விட்சைத் திருப்பினேன்.

அந்தக் கை எழவில்லை, அறைந்தது. பளாரென்று வெளியே பாய்ந்து முட்டியதில் மஞ்சள் மூடி நெடுக விரிசல் விட்டது. இரண்டாவது முறை திருப்பியபோது தூணிலிருந்து புகை வந்தது. தடித்த கம்பி, குறைந்த சுற்று, இருமடங்கு கரண்ட். முதல் மாதத்து அப்ரண்டிஸுக்குத் தெரிந்த கணக்கு.

நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. விரிசலைத் தடவிப் பார்த்தாய். "இன்னா பண்ணி வெச்சிகீற நைனா" என்றாய், மெதுவாக. பிறகு முன்பக்க இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சரி, இனிமே இந்த வண்டிக்கு லெஃப்ட் கை நீதான். ஏறிக் குந்து" என்றாய்.

தண்டனை என்றுதான் ஏறினேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் நான் எப்படி இருந்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து அம்பத்தூரில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு, காலையில் எழுந்து சட்டை போடுவதற்கே காரணம் தெரியவில்லை. காலை சங்கு இல்லை, கேட் இல்லை, கார்டு பஞ்ச் செய்ய இயந்திரம் இல்லை. பால்கனியில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை எழ மாட்டேன். வீட்டுக்காரி பயந்து போய் ராஜபாளையத்திலிருந்து என் தம்பியையே வரவழைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து உன் ஹாரன் மட்டும் கேட்கும். நாம் சரிசெய்த அதே ஹாரன், ஆடு கத்துவதைப் போல இருக்கும். வரவில்லை என்று கையாட்டினால் தெருவே கேட்கக் கத்துவாய்: "நீ வரலன்னா நான் ரைட்லயே சுத்தி சுத்தி வரணுண்டா! எறங்கு!" அக்கம்பக்கத்து மானத்துக்குப் பயந்து இறங்குவேன்.

ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, திரும்பி வரும்போது திருமழிசையில் டீ. இடது திருப்பம் வந்தால் நீ முழங்கையால் ஒரு இடி. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவேன். வெயிலில் என் இடது முழங்கை வலதைவிட இரண்டு நிறம் கறுத்துப் போனது. ஒரு மழைக்காலத்தில் பஸ் தெறித்த சேறு தோள் வரை. நாம் எதைப் பற்றிப் பேசினோம் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் நினைவில்லை. நிறையத் திட்டினாய். நானும் திட்டினேன். நான்கைந்து மாதத்தில் ஞாயிறு காலை ஹாரன் அடிப்பதற்கு முன்பே சட்டை போட்டு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தேன். நடுநடுவே, கையைக் கொடு, ஒழுங்காகச் சுற்றித் தருகிறேன் என்று கேட்டதுண்டு. "சுத்து கணக்கு இல்லாம இன்னாத்த சுத்துவ? வுடு" என்று ஒவ்வொரு முறையும் அடக்கிவிட்டாய். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இப்போது மூன்று வாரக் கதைக்கு வருகிறேன். வலது கையின் காயில் பழைய சுற்றோடு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து இதைச் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உன் பழைய மீட்டரை வைத்தால் முள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையை மைக்ரோமீட்டரில் பிடித்து, வார்னிஷுக்கு இவ்வளவு என்று கழித்து, முப்பது நம்பர் என்று முடிவு செய்தேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண். நாலு நாள் சுற்றினேன். மாட்டினால் கை பாதி எழுந்து, வெட்கப்படுவதுபோல நின்றது.

பத்து நாள் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஷெட்டில் உட்கார்ந்து வலது கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இதைப் பிரித்து எண்ணினால் கணக்குத் தெரிந்துவிடும். ஆனால் அறுபது எழுபது வருஷப் பழைய கம்பி, பிரித்தால் பொடிந்துவிடும், அந்த வண்டியில் மிச்சமிருக்கும் ஒரே பழைய சுற்றும் போய்விடும். உளியை எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். சுருளின் மேல் வைக்கவும் வைத்தேன். அதே உளி. அதைப் பார்த்த பிறகு கீழே வைத்துவிட்டேன். வண்டியின் வலது கையைத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டேன்.

வேறு வழி இல்லாதபோது நீ சொல்வதைத்தான் செய்ய வேண்டும். கோளாறு எதுவானாலும் "மொதல்ல எர்த்த பாரு" என்பாய். ஒருவேளை என் காயில் சரியாகவே இருந்து, கம்பி வழியில் கரண்ட் குறைகிறதோ என்னவோ. இடது தூணுக்குப் போகும் கம்பி முன்பக்க இடது சீட்டுக்கு அடியில்தான் போகிறது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சீட்டைக் கழற்றித் தூக்கினேன்.

எர்த் சரியாகத்தான் இருந்தது. கம்பிக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்குக்குக் கீழே, ஓர் இருமல் மிட்டாய் டப்பா.

திறந்தேன். உள்ளே செம்புக் கம்பித் துண்டுகள், கறுத்துப்போய், கிட்டத்தட்ட ஒரே நீளத்தில். நான் வெட்டி அள்ளிப் போட்ட அதே பழைய சுருள். குறுக்கே வெட்டினால் ஒரு சுற்றுக்கு ஒரு துண்டு. துண்டுகளை எண்ணினால் சுற்று எத்தனை என்று தெரிந்துபோகும். முப்பத்தெட்டு வருஷம் வைண்டிங் செய்த எனக்கு அது தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. குப்பையிலிருந்து பொறுக்கியிருக்கிறாய். கூடவே ஒரு காகிதச் சீட்டு, உன் கையெழுத்தில்:

இடது கை. பழைய கம்பி. 28 நம்பர். இரண்டு தடவை எண்ணியது: 436. அவசரம் இல்லை.

பாவி! என்னைப் பதினோரு வருஷம் வெயிலில் காயவிட்டாயே! எனக்கு வந்த ஆத்திரத்தில், நீ மட்டும் எதிரே இருந்திருந்தால் அந்த டப்பாவாலேயே மண்டையில் போட்டிருப்பேன். கணக்கு இல்லை, கணக்கு இல்லை என்று வாய் கூசாமல் சொன்னாயே! அந்தக் கணக்கின் மேல்தானே என்னை உட்கார வைத்திருந்தாய்! சத்தம் கேட்டு உன் பெண்டாட்டி ஓடி வந்தாள். காகிதச் சீட்டைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"எனுக்குத் தெரியுண்ணே. சரி பண்ணிடலாமேன்னு ஒரு தபா நான்கூட கேட்டேன். 'அத்த சரி பண்ணிட்டா அவன் வூட்ட வுட்டு வெளிய வரமாட்டான், சும்மா இரு'ன்னாரு."

நான் கழற்றிப் போட்ட கார் சீட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். நீ செத்த அன்று எல்லா வேலையும் நான்தான் பார்த்தேன். அழ நேரம் கிடைக்கவில்லை. அந்த பாக்கியையும் சேர்த்து அழுதேன். உன் பெண்டாட்டி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளே, நான் சுற்றியிருந்த முப்பதைவிடச் சற்றுத் தடித்த இருபத்தெட்டு நம்பர் கம்பி வாங்கிவிட்டேன். ஃபாக்டரியைப் போல இயந்திரம் இல்லை, கையால்தான். ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை தாளில் ஒரு கோடு. இருநூற்றுப் பத்தில் காலிங் பெல் அடித்து எண்ணிக்கை தப்பியது. ஏறத்தாழ என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை. முழுவதையும் பிரித்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். நானூற்று முப்பத்தாறில் நிறுத்தினேன். கூட ஒரு சுற்றுக்கு இடம் இருந்தது. சுற்றவில்லை. வார்னிஷில் முக்கி இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காய வைத்து, இன்று கையோடு பொருத்திவிட்டேன். அதுதான் இப்போது மேசையில் இருக்கிறது. நாளை மறுநாள் ஞாயிறு. அது எழும். எழாவிட்டால் மறுபடி சுற்றுவேன். சேகரின் ட்ரில் முன்னால் நின்றாவது மறுபடி சுற்றுவேன்.

இது ஞாயிறு மதியம். மீதியை எழுதுகிறேன்.

காலையில் நான் போவதற்குள் சேகர் வந்துவிட்டான். ட்ரில்லை ப்ளக்கில் மாட்டி வைத்துக்கொண்டு திண்டாடினான், பாவம். "சார், உங்க வேலையப் பாத்துக்கங்க, நான் வெய்ட் பண்றேன்" என்றான். தூணுக்குள் கையைப் பொருத்தி இரண்டு திருகு முடுக்க எனக்கு அரை மணி நேரம். பவானி டிரைவர் சீட்டில். உன் பெண்டாட்டி வாசல்படியில்.

"போடும்மா."

கை எழுந்தது. அறையவில்லை, தயங்கவில்லை. நிதானமாக எழுந்து, நேராக நின்று, விரிசல் விட்ட மஞ்சள் மூடிக்குள் விளக்கு எரிந்தது. ஸ்விட்சை விட்டதும் படுத்துக்கொண்டது. பவானி பத்துப் பதினைந்து முறை போட்டுப் போட்டுப் பார்த்தாள். புகை இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. சேகர் ட்ரில்லின் வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். உனக்குச் சொன்ன சொல்லை அந்த நிமிஷம் நான் காப்பாற்றிவிட்டேன். அதை உன்னிடம் நேரில் சொல்ல முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

பிறகு பவானி என்னைப் பார்த்தாள். எனக்குள் ஒரு சின்னப் பயம் இருந்தது. கை சரியாகிவிட்டது, இனி நான் எதற்கு? அவள் இடது கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்க மாமா" என்றாள். உன்னைப் போலவே முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

வேலப்பன்சாவடி பக்கம் போய் இடதுபுறம் திரும்ப வேண்டும். பவானி ஸ்விட்சைப் போட்டாள். எனக்குப் பின்னால் டக்கென்று கை எழுகிற சத்தம் கேட்டது. அதே நேரம் என் கையும் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. பதினோரு வருஷப் பழக்கம், என்னைக் கேட்டுக்கொண்டா போகும்? சிரித்துக்கொண்டே உள்ளே இழுத்தேன். அதற்குள் பின்னால் வந்த பைக்குக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து கத்தினான்.

"அண்ணாத்தே! டோர் ஆண்ட இன்னாவோ ஒட்ஞ்சி தொங்கினு கீது பாரு!"

பவானிக்குச் சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. "கை தூக்கினா திரும்புறோம்னு பின்னாடி எழுதி ஒட்டுறேன் மாமா. அது வரைக்கும் உங்க கையையும் நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். திருப்பம் முடிகிறவரை இரண்டு கையும் வெளியே இருந்தன. டப்பாவையும் காகிதச் சீட்டையும் பழையபடி என் சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பவானி ஹாரன் அடிப்பாள். நான் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருப்பேன்.

இப்படிக்கு,
உன் இடது கை